மழைக்காலத்தில் பலாலிக்குப் போகிறவர்களுக்கு

மார்கழிப் பள்ளி விடுமுறைக்கு ரொறொன்ரோவிலிருந்து சென்னை வழியாக யாழ்ப்பாணம் போவதென்றால் சென்னையில் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்குப் பறப்பது சின்ன ஏடிஆர் விமானம். ஐப்பசியிலிருந்து வடகீழ்ப் பருவமழை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் விமானி வட்டமடித்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிவிடுவார். எங்களுக்கு அதுதான் நடந்தது. இந்திய விசா பலமுறை உள்ளே வர விடுகிறதா என்பதை முதலே பார்த்து எடுங்கள். வெளியேறிய முத்திரை ஈரம் காயாத கடவுச்சீட்டோடு மறுபடி அதே வரிசையில் நிற்பது சுகமில்லை.

திரும்பியதற்காக விமானியைத் திட்டாதீர்கள். 2020 ஓகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழைக்குள் இரண்டாம் முறையாக இறங்கிய விமானம், ஓடுபாதையில் பாதி கழிந்த பிறகே நிலத்தைத் தொட்டது. மேட்டில் வெட்டிய ஓடுபாதை, முடிவில் பள்ளம். விமானிகள் இருவரும் உட்பட 21 பேர் இறந்தார்கள். மேலே எழும்பச் சொல்லித் துணை விமானி குரல் கொடுத்திருந்தார் என்றது விசாரணை. ரொறொன்ரோக்காரருக்கு 2005 ஓகஸ்ட் 2 நினைவிருக்கும். இடிமழைக்குள் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிய ஏர் பிரான்ஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 309 பேரும் தப்பியது பெரிய விஷயம்.

அடுத்தது, பிள்ளைகளின் கைப்பேசி. 2025 பெப்ரவரி 17 அன்று பியர்சனில் ஒரு விமானம் பனிக்காற்றில் தலைகீழாகப் புரண்டு கிடந்ததே, 80 பேரும் உயிரோடு வந்தார்களே, அந்தப் படம் என் மகனிடம் இருந்தது. சென்னையில் திரும்ப இறங்கியதும் அதைக் குடும்ப வாட்சப் குழுவில் போட்டு, "நாங்கள் இறங்கிவிட்டோம்" என்று எழுதிவிட்டான். பகிடியாம்.

இணுவிலில் பெரியம்மா அதைப் பார்த்தார். பார்த்த கையோடு செல்வச்சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்தார்: அன்னதானம், பெடியனுக்கு மொட்டை, எனக்குக் கோயில் வீதியில் உருளும் பிரதட்டை. நாங்கள் ஒரு வழியாய் வீடு போய்ச் சேர்ந்தபோது தேத்தண்ணிக்கு முன்னால் இந்தப் பட்டியல் வந்தது.

"பெரியம்மா, விமானம் விழவேயில்லையே?"

"விழாததுக்குத்தானே நேர்த்தி."

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது: "உன்ர பெடியனுக்குப் பகிடி. நான் வாயாலை சொல்லிப்போட்டன். சந்நிதியானுக்குச் சொன்னதை மாத்தேலாது."

விடுமுறையில் மிச்சமிருந்ததை அந்த அன்னதானமே தின்றது. மடத்தில் நாள் எடுக்கவேண்டும், அரிசி மூட்டை, மரக்கறி, வான். யாரைச் சொல்லாமல் விட்டால் யார் கோபிப்பார் என்று ஒரு மாலை முழுக்கக் கூட்டம் நடந்தது. கொழும்பில் இருக்கிற சித்தப்பா தன் பங்குக்கு நூற்றெட்டுத் தேங்காய் சொல்லியிருந்தாராம், காசு நான்தான். கசூரினா கடற்கரைக்குப் போகவில்லை, நெடுந்தீவு போகவில்லை. மழை ஊறிய வீதியில் பிரதட்டை செய்ததில் இடுப்பு இன்னும் சரியில்லை. மகன் மொட்டைக்கு அழுதான். அப்புறம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். நேர்த்தி விஷயத்தில் பேரம் பேசப் போகாதீர்கள். பேசப் பேசக் கூடும்.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், அதே விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு பெரியப்பா தன் சிவராத்திரிக் கதைகளை மகனுக்குச் சொன்னதுதான். விழித்திருக்கும் இரவில் ஊர்ப் பெடியள் வீட்டுப் படலைகளைக் கழற்றிச் சந்தியில் குவிப்பது, இளநீர் களவெடுப்பது. இங்கிலாந்தின் யோர்க்சயரிலும் நவம்பர் 4 இரவு பிள்ளைகள் கேற்றைக் கழற்றிக்கொண்டு ஓடுகிற குறும்பு இருந்தது. பாரிஸில் ஏப்ரல் 1 அன்று முதுகில் காகித மீன் ஒட்டுவார்கள். எல்லாம் விடிந்தால் போய் எடுத்துவரக்கூடிய பகிடிகள். மகன் கேட்டான், என் பகிடியும் ஒரு மணித்தியாலத்தில் முடிந்ததுதானே என்று. பெரியப்பா சிரித்தார். பெரியம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்டனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. அதை விழுத்தியது மழையல்ல, போர். அந்த ஊரில் அந்த வயதில் இருக்கிறவர்களிடம் விமானம், விபத்து, காணவில்லை என்ற சொற்களை வைத்து விளையாட இடமில்லை. பிள்ளைகளுக்கு இதைப் புறப்படமுன் சொல்லுங்கள். ரொறொன்ரோவில் அதைச் சொல்லித்தர வேறு யாரும் இல்லை. விமான நிலையத்தில் குண்டு, வெடி என்ற பகிடியும் அப்படித்தான். 2024 ஒக்டோபரில் இந்திய விமானங்களுக்கு நூற்றுக்கணக்கான பொய் மிரட்டல்கள் வந்த பிறகு அங்கே யாருக்கும் சிரிப்பு வராது.

மச்சாள் ஒன்று சொன்னார். போர்க்காலத்தில் நான் கிளாலிக் கடலால் இரவில் படகேறிப் போனபோதும் பெரியம்மா நேர்த்தி வைத்திருந்தாராம். அதை அவரே தனியாகக் காவடி எடுத்துத் தீர்த்திருக்கிறார். கனடாவிலிருந்து எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக் கேட்ட பிறகு தேங்காய்க் காசைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

திரும்பும் பயணத்துக்கும் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கிளம்ப இரண்டு நாள் முன்பே கேட்டுவிடுங்கள். கனடாவுக்கு வந்த பிறகு தெரியவந்தால் அதைத் தீர்க்க இன்னொரு பயணச்சீட்டு எடுக்கவேண்டும், அதுவும் மார்கழி விலையில்.