பிரிட்டனில் தலைப்பிரசவமா? வலி வந்ததும் பையைத் தூக்காதீர்கள்

ஊரில் லேசாக இடுப்பு வலித்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய் அட்மிட் ஆகிவிடுவோம். இங்கே என்ஹெச்எஸ்ஸில் (அரசு மருத்துவச் சேவை) போன் செய்தால், “இன்னும் கொஞ்ச நேரம் வீட்டிலேயே இருங்கள்” என்பார்கள். புதிதாக வந்தவர்கள் பதறிப்போவது இங்கேதான். இது அலட்சியம் இல்லை. உடம்பு இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் கருப்பை வாய் இளகி, மெலிந்து, மெல்லத் திறக்கிறது. வலி வரும், போகும், சிலசமயம் நின்றேவிடும். ரத்தம் கலந்த சளி கொஞ்சம் படலாம். தலைப்பிரசவம் என்றால் இது பல மணி நேரம், ஏன், ஒன்றிரண்டு நாள்கூட இழுக்கும். வீடியோ காலில் அம்மா “சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி” என்பார். குடியுங்கள், தப்பில்லை. சாப்பிடுங்கள், நடங்கள், வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். முடிந்தால் தூங்கிவிடுங்கள், அந்தத் தெம்பு பிறகு தேவைப்படும்.

ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்துவாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு நிமிடம் நீடித்தால் போன் செய்யுங்கள். போனைக் கணவரிடம் கொடுத்துவிடாதீர்கள். மிட்வைஃப் (பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி) உங்களிடமே பேசத்தான் விரும்புவார். நடுவில் வலி வந்தால் பேச்சு நிற்கிறதா, மூச்சு எப்படி மாறுகிறது என்று கேட்டே பாதி கணித்துவிடுவார். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் போனால், குழந்தை அசைவு குறைந்தால், 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வலி சீராக வந்து, கருப்பை வாய் 4 செ.மீ. திறந்திருந்தால்தான் பிரசவ வலி பிடித்துவிட்டது என்று கணக்கு. அங்கிருந்து 10 செ.மீ. வரை முதல் குழந்தைக்குச் சராசரியாக 8 மணி நேரம்; 18ஐத் தாண்டுவது அரிது. வலியைக் குறைக்க மூச்சில் இழுக்கும் வாயுவான கேஸ் அண்ட் ஏர் கொடுத்தால், வலி உச்சத்துக்குப் போன பிறகு இழுத்துப் பயனில்லை. அது வேலை செய்ய 15–20 விநாடி ஆகும், அதனால் வலி தொடங்கும்போதே இழுக்க வேண்டும். எபிடியூரல் (முதுகில் ஊசி வழியாக வலியை மரக்கச் செய்வது) வேண்டுமென்று நினைத்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மிட்வைஃப்கள் மட்டும் நடத்தும் பிரிவுகளில் அது கிடைக்காது.

முழுதாகத் திறக்கும் தறுவாயில் பலருக்கு உடம்பு நடுங்கும், வாந்தி வரும், “என்னால முடியாது, வீட்டுக்குப் போறேன்” என்று அழுகையும் வரும். பயப்படாதீர்கள், அநேகமாக அடுத்து முக்குவதுதான். மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்றில்லை, மண்டியிடலாம், ஒருக்களிக்கலாம். தலை வெளியே தெரியும்போது முக்காமல் ஊதச் சொல்வார்கள். தசை கிழியாமல் இருக்கத்தான்.

குழந்தை வந்த பிறகும் நஞ்சுக்கொடி பாக்கி. தொடையில் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் வந்துவிடும்; வேண்டாமென்றால் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது விட்டுவைப்பார்கள்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம்தான். ஆனால் மாதச் செக்கப்பிலேயே சொல்லிவைப்பது நல்லது. சிக்கல் இல்லாவிட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். காரில் போவதாக இருந்தால் குழந்தை சீட்டை இப்போதே வாங்கி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.