ஆர்வி ஷவர் கதவு ஒழுகுகிறதா? சிலிகானைக் கையில் எடுக்கும் முன்

ஆர்வியில், அதாவது படுக்கை, சமையலறை, குளியலறையோடு பயணம் போகும் வண்டியிலோ இழுத்துச் செல்லும் ட்ரெய்லரிலோ, குளித்துவிட்டு வெளியே கால் வைத்ததும் தரை ஈரமாக இருந்தால், துடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வீட்டுக் குளியலறை மாதிரி அடியில் கான்கிரீட் கிடையாது. பெரும்பாலான ட்ரெய்லர்களில் வினைல் விரிப்புக்குக் கீழே வெறும் பலகைதான். கதவோரம் தினமும் ஒரு கரண்டித் தண்ணீர் இறங்கினாலும் அது ஊறி, உப்பி, ஒருநாள் மிதித்தால் மெத்தென்று அமுங்கும். எங்கள் பழைய ட்ரெய்லரில் அப்படி உளுத்த தரையைப் பெயர்த்து மாற்ற ஒரு வார விடுமுறை முழுக்கப் போயிற்று. கசிவை அடைக்க ஆனதோ ஒரு மதியம்தான்.

முதலில், வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். ஷவர் தொட்டியின் அடிப்பகுதி வடிகுழியை நோக்கி லேசாகத்தான் சரிந்திருக்கும். வண்டி கதவுப் பக்கம் சாய்ந்துவிட்டால் தண்ணீர் கதவடியில் தேங்கும். தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்தை லெவலிங் பிளாக் மேல் ஏற்றுங்கள். அப்புறம் கிரே டேங்க், அதாவது ஷவர், சிங்க் கழிவுநீர் போய்ச் சேரும் கலம். அது நிரம்பினால் தண்ணீர் பின்னோக்கி ஏறும். வண்டிக்குள் இருப்பதிலேயே தாழ்வான வாய் பெரும்பாலும் ஷவர் வடிகுழிதான். அங்கே தண்ணீர் பொங்கி வழிவதைப் பார்த்துக் கதவைக் குறை சொல்வோம்.

இரண்டும் சரி என்றால் கசியும் இடத்தைத் தேட வேண்டும். எல்லாவற்றையும் உலரத் துடையுங்கள். கதவுச் சட்டத்தின் வெளிப்புறம், அடியிலும் இரு பக்கங்களிலும் பேப்பர் டவல் துண்டுகளை ஒட்டுங்கள். ஒருவர் உள்ளே நின்று கை ஷவரால் அடிச்சட்டத்தில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் தண்ணீர் அடிக்கட்டும். பிறகு மூலைகள், பிறகு கீல் பக்கம், கடைசியாகக் கதவு மூடுமிடத்தில் உள்ள காந்தப் பட்டை. எப்போதும் கீழிருந்து மேலே போங்கள். மேலே தொடங்கினால் வழிந்த நீர் எல்லாத் தாளையும் நனைத்துவிடும், எதுவும் புரியாது.

கண்ணாடிக்கு அடியிலிருந்து வருகிறதென்றால் குற்றவாளி கதவின் அடிப் பட்டை. வினைல் நாளாக ஆக விறைத்துச் சுருங்கும். உருவி எடுத்து, கண்ணாடியின் தடிமனை அளந்து, அதற்குப் பொருந்தும் புதியதைப் பழைய நீளத்துக்கே வெட்டிச் செருகுங்கள். அதன் சாய்ந்த உதடு ஷவருக்கு உள்பக்கம் பார்க்க வேண்டும்.

சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவில் கசிந்தால்தான் சிலிகான். முதலில் சட்டத்தின் ஸ்க்ரூக்களைக் கையாலேயே இறுக்குங்கள். ஆர்வி சுவர் மெல்லியது, டிரில்லால் முறுக்கினால் பிடிமானமே போய்விடும். பழைய சிலிகானை பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்துவிடுங்கள், புதியது அதன்மேல் ஒட்டாது. ரப்பிங் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தொட்டியில் இரண்டு வாளித் தண்ணீர் வைப்பது நல்லது: ஆள் நின்றால் தொட்டி எவ்வளவு தாழுமோ அந்த நிலையில் இடைவெளி அடைபட வேண்டும். பிறகு பூஞ்சணம் பிடிக்காத 100% சிலிகானை ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) கனத்தில் ஒரே ஓட்டமாக இழுத்து, ஈர விரலால் அழுத்தி வழியுங்கள்.

எங்கே போடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். அடிச்சட்டத்தின் வெளிப்பக்கம் மட்டும் போடுங்கள். உள்பக்கம் போடவே கூடாது. எவ்வளவு அடைத்தாலும் சட்டத்துக்குள் கொஞ்சம் தண்ணீர் போகத்தான் செய்யும். அது தொட்டிக்கே திரும்பி வடிவதற்காக உள்பக்கம் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். பத்திரத்துக்கு என்று அதையும் அடைத்தால், உள்ளே சிக்கிய நீர் மூலை வழியாக வெளியே தரைக்குத்தான் வரும். அந்தத் துளைகளில் சோப்புக் கறை அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஒரு பல் குச்சியால் குத்திச் சுத்தம் செய்ததில் மட்டுமே ஒழுகல் நின்ற வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

24 மணி நேரம் ஷவரைத் தொடாதீர்கள், வண்டியையும் நகர்த்தாதீர்கள். பிறகு அதே பேப்பர் டவல் சோதனையை மறுபடி செய்யுங்கள். ஓட்டத்தில் வண்டியின் உடல் முறுக்கிக்கொள்ளும், முதலில் விரிசல் விடுவது கீழ் மூலைகள்தான். அதனால் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பிறகும் அந்த இரண்டு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள்.