இம்யூனோதெரபிக்கு முன் டாக்டரிடம் என்ன கேட்பது?

பட்டர்வொர்த் பாகான் டாலாமில் என் வீட்டுக்கு வருகிறவர்களில் பலர் பயாப்சி ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள். திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றும் லேப்பில் காலமெல்லாம் வேலை பார்த்தவள் நான். "அக்கா, இம்யூனோதெரபி போடலாமா?" என்பார்கள், நம் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றோடு போராடவைக்கும் சிகிச்சையைப் பற்றி. அதை புற்றுநோய் டாக்டரான ஆன்காலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று நான் சொல்கிறேன்.

ரிப்போர்ட்டில் பிடி-எல்1 வரியைத் தேடுங்கள். புற்றைத் தாக்கும் டி செல்கள் என்ற நம் வெள்ளை ரத்த அணுக்களில் பிடி-1 என்ற பிரேக் உண்டு. புற்றுக்கட்டி பிடி-எல்1 என்ற புரதத்தைக் கொண்டு அதை அழுத்திவிடும். அழுத்தவிடாமல் தடுப்பதுதான் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்து. நுரையீரல் புற்றில் பிடி-எல்1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், கீமோ இல்லாமல் இதை மட்டும் கொடுப்பது பற்றிப் பேசுவார்கள். ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் கணக்கே வேறு. நம் ஆசிய நோயாளிகளிடம் அது அதிகம். அப்போது சதவீதம் உயர்ந்திருந்தாலும் இந்த மருந்து பெரும்பாலும் கைகொடுக்காது. குடல் புற்று என்றால் எம்.எம்.ஆர். பரிசோதனையை (செல் தன் டி.என்.ஏ. பிழைகளைத் திருத்துகிறதா என்று பார்ப்பது) கேளுங்கள்.

பலர் அந்தச் சதவீதத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம் கட்டியைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சில கட்டிகளுக்குள் டி செல்கள் நிரம்பியிருக்கும். சிலவற்றில் ஓரத்திலேயே நின்றுவிடும். சிலவற்றில் தலையே காட்டாது. சுற்றிலும் நார்த்திசு (கணையப் புற்றில் ரொம்ப அடர்த்தி), உள்ளே ஆக்சிஜன் பஞ்சம், லாக்டிக் அமிலம், போதாக்குறைக்கு டி செல்களை அடக்கும் வேறு செல்கள். உள்ளே வராத செல்லுக்குப் பிரேக்கை எடுத்து என்ன பயன்? அதனால், "டாக்டர், கட்டிக்குள் லிம்ஃபோசைட் (டி செல் போன்றவை) இருக்கிறதா? இந்த மருந்து தனியாகவா, வேறொன்றோடு சேர்த்தா?" என்று கேளுங்கள். முற்றிய கல்லீரல் புற்றில் இதே வகையான அட்டெசோலிசுமாப்போடு பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். கட்டியின் கோணல்மாணலான ரத்தக் குழாய்களை பெவாசிசுமாப் சீராக்குவதால் டி செல்கள் நுழைய வழி கிடைக்கிறது.

எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று விற்கும் பொடி, ஜாமு என்ற மூலிகை மருந்து எதுவும் இந்தத் தடையை உடைக்காது. அவற்றைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு, அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக் பற்றியும் சொல்லுங்கள். இரண்டும் மருந்தின் பலனைப் பாதிக்கலாம். அதற்காக ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், சிகிச்சையைக் கேஎல்லுக்கு (கோலாலம்பூர்) மாற்றினால் ரிப்போர்ட் மட்டும் போதாது. மறுபடி சோதிக்க உங்கள் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். வழியில் சாப்பிட இறங்கும்போது அதை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.