எடையற்ற இடத்தில் செய்யக்கூடாத தவறுகள்

முதல் தவறு நம் பேச்சிலேயே இருக்கிறது. "விண்வெளியில் புவியீர்ப்பு இல்லை, அதனால்தான் மிதக்கிறார்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். அங்கேயும் புவியீர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால், விழுந்தாலும் பூமியைத் தொடாமல் சுற்றிவருகிறார்கள். காலுக்கடியில் இருக்கும் தளமும் கூடவே விழும்போது எடை எப்படித் தெரியும்?

எடை போனாலும் நிறை, அதாவது ஒரு பொருளில் அடங்கியிருக்கும் பருப்பொருளின் அளவு, போகாது. இதை மறப்பது அங்கே ஆபத்து. பெரிய பெட்டியை ஒரு விரலால் நகர்த்திவிடலாம், சரி. ஆனால் வேகம் பிடித்த பெட்டி சுவரில் மோதும்போது நடுவில் கை இருந்தால் நசுங்கிவிடும்.

அப்புறம், பொருளைக் கட்டாமல் விடுவது. உள்ளே தொலைந்தது பெரும்பாலும் காற்றோட்டத்தோடு போய் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே போனால் போனதுதான். 2008 நவம்பரில் அமெரிக்க விண்வெளி வீராங்கனை ஹெய்ட்மேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர், நிலையத்துக்கு வெளியே வேலை செய்யும்போது பைக்குள் கசிந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கருவிப்பை நழுவி மிதந்து போய்விட்டது.

என்னை உலுக்கியது தண்ணீர் விஷயம்தான். 2013 ஜூலையில் இத்தாலிய விண்வெளி வீரர் லூகா பர்மிதானோ நிலையத்துக்கு வெளியே வேலை முடித்துத் திரும்பியபோது தலைக்கவசத்தில் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அதே உடையில் வெளியே போனார். இந்த முறை ஒரு லிட்டருக்கும் மேல் தண்ணீர் சேர்ந்தது. பூமியில் என்றால் கழுத்துப் பக்கம் வழிந்திருக்கும். அங்கே வழிய வழி இல்லை; தோலில் ஒட்டிக்கொண்டு கண்ணை மறைத்து, மூக்கை மூடியது. பாதுகாப்புக் கயிறு இழுக்கும் திசையை வைத்தே வாசலுக்கு வந்து சேர்ந்தார். உண்மையான கசிவு குடிநீர்ப் பையில் இல்லை, உடையின் குளிரூட்டும் அமைப்பில். முதல் நாளே தேடியிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மிதப்பது சுகமாக இருக்கிறதே என்று உடற்பயிற்சியைத் தள்ளிப்போடவும் கூடாது. பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பெலும்பு போன்ற இடங்களில் மாதம் 1 சதவீதத்துக்கும் மேல் தேய்மானம் வரலாம். அதனால் தினமும் சுமார் 2 மணி நேரம் அதற்கே ஒதுக்குகிறார்கள். அதையே விளையாட்டாக்கிக்கொண்டவரும் உண்டு: 2007 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் நடந்த அன்று, சுனிதா வில்லியம்ஸ் வார்ப்பட்டைகளால் தன்னை டிரெட்மில்லோடு பிணைத்துக்கொண்டு, நிலையத்துக்குள்ளேயே முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார்.