சுங்குடிக் கடையின் இணையதளத்துக்கு ஆள் வரவைத்தது எப்படி? என் அனுபவம்

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறோம். இணையதளம் தொடங்கி ஐந்து மாதம் ஆகியும் ஒரு விசாரிப்புகூட வரவில்லை. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்தபோதுதான் ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் எங்கள் இணைய முகவரியைக் கொடுத்துச் சோதித்தேன். தளம் தேடலிலேயே இல்லை! வடிவமைத்தவர் சோதனைக் காலத்தில் போட்ட, 'தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்குச் சொல்லும் 'நோஇண்டெக்ஸ்' குறியை யாரும் எடுக்கவில்லை. ஐந்து மாதம் கடைக்கதவைப் பூட்டிவைத்தது போலத்தான். எவ்வளவு வேதனை!

குறியை எடுத்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கூகுளுக்குக் கொடுத்தேன். சில நாளில் பக்கங்கள் தேடலில் தெரிந்தன. ஆனாலும் கூட்டமில்லை. சேலை விவரமெல்லாம் தேடலுக்குச் சரியாகப் புரியாதபடி படத்துக்குள் எழுத்தாக இருந்தது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு. இரண்டையும் மாற்றினேன்.

பிறகு கடைக்குப் போன் செய்பவர்கள் கேட்பதை ஒரு நோட்டில் குறித்தேன். சாயம் போகுமா, முதல் சலவை எப்படி, கைமுடிச்சா (கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா) அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், முடிச்சுப் போடும் அக்காக்களிடம் கேட்டு எழுதினேன். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் கைமுடிச்சுப் பக்கம் வழியாகத்தான் வருகிறார்கள். அடுத்து, புவிசார் குறியீடு பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.