எண்ட் டாஸ்க் கொடுத்தும் சாகாத ரெக்கார்டிங் சாப்ட்வேரை மூடுவது எப்படி?

கோயில் கொடை சீசனில் வில்லுப்பாட்டு ரெக்கார்டிங் எடுக்கிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். குடத்துக்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒன்று, பாடும் புலவருக்கு ஒன்று என்று வைத்து எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே உறைந்து, மேலே நாட் ரெஸ்பாண்டிங் என்று வந்துவிடும். மூடப் பார்த்தால் அதுவும் நடக்காது. விண்டோஸில் நான் செய்வது இதுதான் மக்களே.

முதலில் ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் பொறுங்கள். ஒரு ஜன்னல் 5 நொடி பதில் தராவிட்டாலே விண்டோஸ் அப்படி எழுதிவிடும், பெரிய ப்ராஜெக்டைச் சேமிக்கும்போதுகூட அது வரும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சாப்ட்வேருக்கு நேராக டிஸ்க் என்ற பத்தியில் எண் மாறிக்கொண்டே இருந்தால் அது இன்னும் வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள்.

அசைவே இல்லையா, சரி, டீடெயில்ஸ் பக்கத்தில் அதன் பெயர்மேல் வலது க்ளிக், எண்ட் ப்ராசஸ் ட்ரீ. ப்ராசஸ் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். பிளகின்களுக்காக (சாப்ட்வேரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவிகள்) தனியாக ஓடும் குட்டி ப்ராசஸ்களும் இதில் சேர்ந்து போகும்.

அப்புறம்தான் வினை. ஜன்னல் மறைந்துவிடும், ஆனால் பட்டியலில் பெயர் மட்டும் போகாது, திரும்பத் திறந்தால் ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லும். இங்கேதான் நான் ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். பெரும்பாலும் காரணம் ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) டிரைவர்தான், அதாவது அந்தப் பெட்டியை விண்டோஸோடு பேசவைக்கும் புரோகிராம். சாப்ட்வேர் கேட்ட வேலையை டிரைவர் முடித்துத் தராமல் வைத்திருக்கும்வரை விண்டோஸால் அந்த ப்ராசஸை முழுசாக அழிக்க முடியாது. இன்டர்ஃபேஸின் யூஎஸ்பி கேபிளை உருவிவிடுங்கள்; பெரும்பாலும் அடுத்த நொடியே பெயர் காணாமல் போய்விடும். ஸ்பீக்கர் சத்தத்தை முதலில் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் டப்பென்று அடிக்கும்.

ப்ராசஸைக் கொல்வதற்கென்றே வரும் இலவசச் சாமான்கள் எனக்குப் பிடிக்காது, அவையும் விண்டோஸிடம்தான் போய்க் கேட்கவேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசையென்றால் மைக்ரோசாஃப்டே தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் போதும்.

கேபிளை உருவியும் போகவில்லையென்றால் ரீஸ்டார்ட். ஷட் டவுன் கொடுக்காதீர்கள்! விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் டிரைவர்களின் நிலையைச் சேமித்து வைத்து, திறக்கும்போது அதையே திரும்பக் கொண்டுவரும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

பின்சேர்க்கை: உறைந்தபோது பதிவாகிக்கொண்டிருந்த டேக் என்ன ஆகும் என்று தக்கலையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். ப்ராஜெக்ட் ஃபோல்டரில் வேவ் ஃபைல் பெரும்பாலும் இருக்கும், ஆனால் ஃபைலின் தொடக்கத்தில் நீளம் முதலிய விவரங்களை வைத்திருக்கும் தலைப்புப் பகுதி எழுதி முடியாததால் நீளம் பூஜ்யம் என்று காட்டும். ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு, ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ சாப்ட்வேரில் இம்போர்ட் என்பதன் கீழே ரா டேட்டா போய், ரெக்கார்ட் செய்த அதே பிட், சாம்பிள் ரேட், சேனல் கொடுத்துத் திறங்கள். 24 பிட் ஃபைல் வெறும் இரைச்சலாக வந்தால் ஸ்டார்ட் ஆஃப்செட்டை (தொடக்கத்தில் எத்தனை பைட் தள்ளிப் படிக்க வேண்டும் என்ற எண்) 0, 1, 2 என்று மாற்றிப் பாருங்கள், ஏதாவது ஒன்றில் பாட்டு கேட்கும்.