எட்டோஷாவிலிருந்து புறப்படும் நாளில்

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவைத் தாமே வாகனம் ஓட்டிச் சுற்றிப் பார்ப்பவர்கள், கடைசி நாள் காலையில் சிங்கத்தைத் தேடி நெடுந்தொலைவு அலைய வேண்டாம். ஒக்காகுவேயோ முகாமுக்குள்ளேயே இருக்கும் நீர்நிலையின் அருகே விடியலில் அமைதியாக அமர்ந்திருப்பதே, என் கருத்தில், மிகச் சிறந்த விடைபெறல். அங்கிருந்து தலைநகர் விண்ட்ஹுக் 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருப்பதாலும், அந்தி சாய்ந்தபின் ‘குடு’ (kudu) எனப்படும் பெரிய மான்கள் சாலையின் குறுக்கே பாய்வதாலும், காலை பத்து மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். சரளைச் சாலைக்காகச் சக்கரங்களில் காற்றைக் குறைத்திருந்தால், தார்ச்சாலையில் வேகமெடுக்கும் முன் மறவாமல் நிரப்பிக்கொள்ளுங்கள். மிஞ்சிய பச்சை இறைச்சியை முந்தைய இரவே சமைத்து உண்டுவிடுங்கள். கால்நடை நோய்த் தடுப்புக்காக வெளிவாயிலில் அதைச் சோதித்துப் பறிமுதல் செய்வதுண்டு.